தொழிற்கருவிகளுக்குப் பாதுகாப்பான வண்டி எது? மோட்டார் முதல் வேன் வரை ஒரு வழிகாட்டி

சுங்கை ஊடாங் – ஒயரிங், குழாய் வேலை, ஏர்கோன், வெல்டிங், சாயம் பூசுதல், வீட்டு ரினோவேஷன் என்று சொந்தமாகக் கைத்தொழில் செய்யும் நம்மவர்கள் இவ்வட்டாரத்தில் பலர் உண்டு. அவர்களுக்கு வண்டி என்பது வேலைக்குப் போய் வருவதற்கு மட்டுமல்ல. அதுவே கடை, அதுவே சாமான் அறை. பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த கருவிகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

என் தாத்தா தோட்டத்தில் பால் வெட்டியவர். அவருடைய கருவி ஓர் உளி. வேலை முடிந்ததும் அதைத் துடைத்துக் கூரை இடுக்கில் செருகி வைப்பார். அதை யாரும் திருடியதில்லை. என் மாமா ஏர்கோன் வேலை செய்கிறார். வெக்கும் பம்ப், கேஜ், டிரில், குழாய் விரிக்கும் செட், ஏணி என அவர் வண்டியில் இருப்பதை எல்லாம் புதிதாக வாங்க வேண்டுமானால் பல மாத வருமானம் போய்விடும். ஒருநாள் இரவு, வீட்டு வாசலில் நின்ற அவருடைய பழைய வேனின் பின்கதவுப் பூட்டை யாரோ திருகித் திறந்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனார்கள். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், மறுநாள் காலை வேலைக்குப் போக வழியில்லை. ஒத்துக்கொண்ட இரண்டு வீட்டு வேலைகளும் வேறு ஆளுக்குப் போயின. காப்புறுதியைக் கேட்டபோதுதான் வண்டிக்கான காப்புறுதியில் கருவிகள் சேராது என்பது அவருக்குத் தெரிந்தது.

இனி வண்டி வாங்கப் போகிறவர்களும், இருக்கும் வண்டியைப் பலப்படுத்த நினைப்பவர்களும் கவனிக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலில் கணக்கு, பிறகு வண்டி

வண்டிக் கடைக்குப் போகும் முன் ஒரு தாளை எடுங்கள். உங்களிடம் உள்ள கருவிகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். பெயர், மாடல், தொடர் எண், வாங்கிய விலை, ஏறக்குறைய எடை ஆகியவற்றைக் குறியுங்கள். ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் பிடித்து, ரசீதையும் படம் பிடித்து வையுங்கள். போலீஸ் புகாருக்கும் காப்புறுதிக்கும் வண்டித் தேர்வுக்கும் இந்த ஒரே பட்டியல் உதவும். பெரிய தொழிற்சாலை வளாகங்களுக்குள் குத்தகை வேலைக்குப் போகிறவர்களிடம் நுழைவாயிலில் கருவிப் பட்டியல் கேட்பது வழக்கம்; அங்கும் இதையே காட்டலாம்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒருவரின் கருவிகள் 6,000 வெள்ளி, அவருடைய ஒரு நாள் வருமானம் 200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கருவிகள் களவு போய், மீண்டும் வாங்கிச் சேர்க்க ஒரு வாரம் ஆனால் 1,400 வெள்ளி வருமானமும் போகிறது. ஆக இழப்பு 7,400 வெள்ளி. வாடிக்கையாளர் கைவிட்டுப் போவது இதில் சேரவில்லை. கருவிகளின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கைப் பூட்டு, தடுப்பு, பெட்டி ஆகியவற்றுக்கு ஒதுக்குவது நியாயமான செலவு என்பது என் கருத்து. இந்த உதாரணத்தில் அது 600 வெள்ளி.

அடுத்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். வேலை எங்கே? வண்டி இரவில் எங்கே நிற்கிறது? பகலில் எத்தனை முறை அதைத் தனியாக விட்டுப் போகிறீர்கள்?

சுங்கை ஊடாங்கில் இந்தக் கேள்விகள் முக்கியமானவை. 1990களில் செயல்படத் தொடங்கிய பெட்ரோனாஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைச் சுற்றிக் குத்தகை வேலை உண்டு. 1960களில் 28ஆவது காமன்வெல்த் படைப்பிரிவு தங்கியிருந்த தெரெண்டாக் இராணுவ முகாம் இங்கேதான் இருக்கிறது. பந்தாய் புத்ரி, தஞ்சோங் பிடாரா கடற்கரையோரம் தங்கும் விடுதிகள் பராமரிப்புக்கு ஆள் தேடும். லெபோ எஸ்பிஏ வழியே பாயா ரும்புட், ஆயர் குரோ வரை தாமான்களில் ரினோவேஷன் வேலை கிடைக்கும். அந்தப் பக்கம் மஸ்ஜித் தானா, அலோர் காஜா. ஒரே நாளில் நான்கைந்து இடம் போகிறவருக்கு வண்டி நான்கைந்து முறை ஆளில்லாமல் நிற்கிறது. ஆலைக்குள் ஒரே இடத்தில் நாள் முழுதும் நிற்கும் வண்டிக்கும், சாலையோரத்தில் நின்று நின்று போகும் வண்டிக்கும் தேவைப்படும் பாதுகாப்பு ஒன்றல்ல.

மோட்டார் சைக்கிள்

தொழில் தொடங்கும் பலருக்கு இதுதான் முதல் வண்டி. ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற மோட்டாரில் பின்பெட்டியும் பக்கக் கூடையும் வைத்துக் குழாய் வேலை, சிறு ஒயரிங் வேலைக்குப் போய் வந்துவிடலாம். செலவு குறைவு, சந்துக்குள்ளும் நுழையும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை மோட்டாரில் ஒரே ஒரு விதிதான்: இறங்கும்போது கருவியும் கூடவே இறங்க வேண்டும். பிளாஸ்டிக் பின்பெட்டியின் பூட்டு மழையைத் தடுக்கும், திருடனைத் தடுக்காது. ஆகவே, ஒரே கையில் தூக்கக்கூடிய கனமான துணிப்பையில் கருவிகளை அடுக்குங்கள். பெட்டிக்குள் பையை வையுங்கள். வேலை இடத்தில் பையோடு இறங்குங்கள். இரவில் மோட்டாரில் எதையும் விடாதீர்கள்.

சிறிய கார்

பழைய கஞ்சில், விரா, சாகா போன்ற கார்களின் பின் இருக்கையை மடக்கிச் சாமான் ஏற்றுவது நம்மிடையே வெகு சாதாரணம். நான்கு கதவுக் காரின் பின்பெட்டியில் வைத்தால் வெளியே தெரியாது, அது நல்லது. ஹேட்ச்பேக் காரிலோ எல்லாமே கண்ணாடி வழியே தெரியும். டிரில் பெட்டியின் நிறமே திருடனுக்கு விலைப் பட்டியல்.

இங்கே கண்ணாடிக் கருப்பு ஒட்டு உதவும். 2019 மே மாதம் முதல் பின்பக்கக் கதவுக் கண்ணாடிகளுக்கும் பின்கண்ணாடிக்கும் கருமை வரம்பு நீக்கப்பட்டது. முன்கண்ணாடி 70 விழுக்காடு வெளிச்சத்தையும், முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடு வெளிச்சத்தையும் உள்ளே விட வேண்டும் என்ற விதி தொடர்கிறது. ஆகவே, பின்பகுதியை முழுக் கருப்பாக்கலாம். முன்பகுதியை அப்படிச் செய்தால் சம்மன் வரும். கருப்பு ஒட்டு கண்ணை மறைக்குமே தவிர, கண்ணாடி உடைவதைத் தடுக்காது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் உடைக்கத் தயங்குவான் என்பதுதான் இதன் பயன்.

பிக்கப்

ஹைலக்ஸ், டிமேக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர், நவாரா என்று பிக்கப் வண்டி மீது நம் இளைஞர்களுக்கு ஆசை அதிகம். தோட்டத்து மண் பாதையிலும் செம்பனை வரிசைக்குள்ளும் போகும், கனமான வெல்டிங் செட்டைத் தூக்கும், குடும்பத்தையும் ஏற்றலாம். ஆனால், தொழிற்கருவிப் பாதுகாப்பு என்று வந்தால் இதற்கு மூன்று குறைகள் உண்டு.

முதலாவது, பின்தட்டு திறந்தது. இரட்டைக் கேபின் பிக்கப்பின் தட்டு சுமார் ஒன்றரை மீட்டர் நீளம்தான். மேலே துணி மூடி போட்டால் ஒரு கத்தி போதும். சுருள் மூடியும் கடினமான தட்டை மூடியும் அதைவிட மேல். முழுக் கேனோப்பி இன்னும் மேல். ஆனால், அதன் பின்கண்ணாடிப் பூட்டு மிகச் சாதாரணமானது. கேனோப்பி போடுவதும் தட்டை மாற்றுவதும் வண்டியின் அமைப்பை மாற்றுவதாகக் கொள்ளப்படலாம். போடும் முன் ஜேபிஜே அலுவலகத்தில் அனுமதி வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, தட்டின் பின்கதவு. சில மாடல்களில் அதற்குப் பூட்டே இல்லை; இருந்தாலும் வண்டிச் சாவியோடு சேர்ந்து பூட்டாது. மூடியைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்தே விட்டால் என்ன பயன்?

மூன்றாவது, வண்டியே திருடனுக்கு வேண்டிய பொருள். பிக்கப் வண்டிகளுக்கும் அவற்றின் உதிரிப் பாகங்களுக்கும் சந்தையில் எப்போதும் கிராக்கி உண்டு. கருவி போவதற்குப் பதில் கருவியோடு வண்டியும் போகலாம்.

பிக்கப்தான் வேண்டும் என்றால், தட்டுக்குள் தடித்த இரும்புப் பெட்டி ஒன்றை வைத்து, அடியில் நட்டு போல்ட் போட்டு வண்டிச் சட்டத்தோடு இறுக்குங்கள். பெட்டியைத் திறந்தால்தான் நட்டு தெரிய வேண்டும்.

பேனல் வேன்

பின்பக்கம் கண்ணாடியே இல்லாத மூடிய வேன்தான் தொழிற்கருவிகளுக்கு மிகப் பொருத்தம். முன்பு நிசான் வேனட் இல்லாத குத்தகையாளரே இல்லை. பிறகு அதே நிறுவனத்தின் என்வி200 வந்தது. டைஹாட்சு கிரான் மேக்ஸ் இன்னொரு தேர்வு. இவ்விரண்டிலும் சாமான் வைக்கும் இடம் சுமார் இரண்டு மீட்டர் நீளம். டொயோட்டா ஹையேஸ் பேனல் வேனில் ஏறக்குறைய மூன்று மீட்டர் கிடைக்கும். ஆறு மீட்டர் ஜிஐ பைப் எதற்குள்ளும் போகாது. அதற்குக் கூரைக் கம்பி வேண்டும், அல்லது கடைக்காரரையே லோரியில் அனுப்பச் சொல்ல வேண்டும்.

வேன் பார்க்கும்போது கதவுகளை எண்ணுங்கள். இரு பக்கமும் சறுக்குக் கதவு இருந்தால் சாமான் எடுக்க வசதி. ஆனால், பூட்ட வேண்டிய வாய் ஒன்று கூடுகிறது. ஒரு பக்கம் மட்டும் வேலைக்குப் போதும் என்றால், மறு பக்கக் கதவின் உட்புறத்தில் அலமாரி அடித்து நிரந்தரமாக அடைத்துவிடலாம்.

பழைய வேனில் சாவித் துளையைக் கவனியுங்கள். தேய்ந்துபோன பூட்டில் திருப்புளியைச் செருகித் திருகினாலே திறந்துகொள்ளும். என் மாமாவின் வேன் அப்படித்தான் திறக்கப்பட்டது. மேல் விளிம்பைப் பிடித்து இழுத்து, முட்டியால் அழுத்திக் கதவை மடக்குவது இன்னொரு முறை. இதனால்தான் கதவின் நடுவில் மட்டும் பூட்டு இருந்தால் போதாது; மேலும் கீழும் பிடிப்பு வேண்டும்.

பிரிட்டனிலும் வேன் தொழிலாளர்களுக்கு இதே தொல்லை உண்டு. அங்கே 2023இல் கருவித் திருட்டைத் தடுக்க ஒரு சட்டமே கொண்டு வந்தார்கள். பண்ணைகளில் ஓட்டப்படும் நான்கு சக்கர மோட்டார்களை முதலில் கருத்தில் கொண்ட அச்சட்டம், மற்றத் தொழிற்கருவிகளுக்கும் விரிவாக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் தருகிறது. அடையாளக் குறி இட்ட கருவியை விற்பது கடினம் என்பதே அதன் அடிப்படை. அந்தப் பாடத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பூட்டு, தடுப்பு, பெட்டி

எந்த வண்டியானாலும் பாதுகாப்பை மூன்று அடுக்காக யோசியுங்கள். வண்டிக்குள் நுழைவதைத் தாமதப்படுத்துவது முதல் அடுக்கு. நுழைந்தவன் எடுப்பதைத் தாமதப்படுத்துவது இரண்டாவது. எடுத்தவன் விற்பதைக் கடினமாக்குவது மூன்றாவது.

முதல் அடுக்கில் பின்கதவுக்கும் சறுக்குக் கதவுக்கும் கூடுதல் பூட்டு போடுங்கள். வளைகம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சாதாரணப் பூட்டை இரும்பு வெட்டியால் நொடியில் வெட்டிவிடலாம். வளைகம்பி உள்ளே மறைந்திருக்கும் வட்டப் பூட்டு நல்லது. பூட்டு மாட்டும் பட்டையை மேலோட்டமாக ஸ்குரூ போட்டு வைத்தால் பட்டையோடு பெயர்த்துவிடுவார்கள். உள்ளே இரும்புத் தகடு கொடுத்து, போல்ட் போட்டு, நட்டு உள்பக்கம் இருக்கும்படி இறுக்குங்கள். வெல்டிங் தெரிந்தவர்கள் நம்மிடையே பலர். இதற்கு வெளியாள் தேவையில்லை. ஆள் உள்ளே இருக்கும்போது கதவை வெளியே பூட்டிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் இருக்கைக்கும் சாமான் பகுதிக்கும் இடையே இரும்பு வலைத் தடுப்பு அடியுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பின்கதவில் எத்தனை பூட்டு போட்டாலும், முன்கதவுக் கண்ணாடியை உடைத்து உள்வழியாகப் பின்னுக்குப் போகலாம் என்றால் எல்லாம் வீண். அவசரமாகப் பிரேக் பிடித்தால் ஏணியும் குழாயும் உங்கள் தலையில் வந்து மோதாமலும் அந்த வலை காக்கும்.

இரண்டாவது அடுக்கில் விலை உயர்ந்த கருவிகளை மட்டும் ஒரு இரும்புப் பெட்டியில் பூட்டி, பெட்டியைத் தரையோடு இறுக்குங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் மறைவான கட் ஆஃப் சுவிட்சும், ஸ்டீயரிங் பூட்டும் வண்டி போவதைத் தடுக்கும். ஜிபிஎஸ் கருவி வண்டி எங்கே என்று காட்டும். சிறிய புளூடூத் வில்லைகளைக் கருவிப் பெட்டிக்குள் மறைத்து வைக்கலாம். ஆனால், அருகில் யாருடைய கைப்பேசியாவது இருந்தால்தான் அவை வேலை செய்யும், சிலவகை திருடனின் கைப்பேசிக்கே எச்சரிக்கை அனுப்பிவிடும். ஆகவே, வில்லையை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

மூன்றாவது அடுக்கில் ஒவ்வொரு கருவியின் மீதும் உங்கள் பெயரையும் வண்டி எண்ணையும் செதுக்குங்கள். முழு அடையாள கார்டு எண்ணைப் போட வேண்டாம். மேலே பளிச்சென்று சாயமும் அடியுங்கள். அழகு கெடும்தான், விற்கும் விலையும் கெடும். அதுதான் நமக்கு வேண்டும்.

பூட்டக்கூடாத சாமான்களும் உண்டு

மூடிய வேன் திருடனிடமிருந்து காக்கும். ஆனால், சில பொருட்களுக்கு மூடிய வேனே ஆபத்து. வெல்டிங் செய்கிறவர்கள் அசிட்டிலின், ஆக்சிஜன் சிலிண்டர்களை மூடிய வேனில் இரவெல்லாம் பூட்டி வைக்கக்கூடாது. சிறு கசிவு இருந்தாலும் உள்ளே வாயு தேங்கும். காலையில் கதவைத் திறக்கும்போதோ உள்விளக்கு எரியும்போதோ ஒரு பொறி போதும். சிலிண்டரை நிமிர்த்தி, சங்கிலியால் கட்டி, காற்றோட்டமான தட்டில் கொண்டுபோங்கள்; வேலை முடிந்ததும் இறக்கி வெளியே வையுங்கள். வேலையில் பெரும்பகுதி வாயு வெல்டிங்காக இருந்தால், மேலே சொன்ன குறைகள் இருந்தாலும் பிக்கப்பே உங்களுக்குச் சரியான வண்டி.

ஏர்கோன் வாயுத் தோம்புகளை 52 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக விடக்கூடாது. இப்போது வரும் புதிய ஏர்கோன்களில் உள்ள ஆர்32 வாயு தீப்பற்றக்கூடியது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கம்பியில்லா டிரில்களின் லித்தியம் பேட்டரிகளை 50 பாகைக்கு மேல் சூடாகும் இடத்தில் வைக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் எழுதுகிறார்கள். நம் மதிய வெயிலில் பூட்டிய வண்டிக்குள் அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும். ஆகவே, பேட்டரியும் சார்ஜரும் உங்களோடு வரட்டும். பேட்டரி இல்லாத டிரில்லுக்குத் திருட்டுச் சந்தையிலும் விலை குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது?

பாதுகாப்பான வண்டி என்றால் தாள்களும் சரியாக இருக்க வேண்டும். வண்டி அமைப்பு பற்றிய விதிகள் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலும், 1959ஆம் ஆண்டு மோட்டார் வாகன அமைப்பு, பயன்பாட்டு விதிகளிலும் உள்ளன. இருக்கையைக் கழற்றுவது, ஜன்னலை இரும்பால் அடைப்பது, கூரையை உயர்த்துவது எல்லாம் அனுமதி இல்லாமல் செய்யக்கூடிய காரியங்கள் அல்ல.

இரட்டைக் கேபின் பிக்கப்பைத் தனியார் பயன்பாட்டுக்குப் பதியலாம். பேனல் வேன் பொதுவாகச் சரக்கு வாகனமாகப் பதிவாகிறது. சரக்கு வாகனத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை புஸ்பாகோம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் பரிசோதனை உண்டு. சொந்தச் சாமானை ஏற்றுவதற்கான சி வகை உரிமம், ஓட்டுநருக்கான ஜிடிஎல் உரிமம் ஆகியவை உங்கள் வண்டியின் எடைக்குத் தேவையா என்பதை அபாட் எனப்படும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனத்திலும் ஜேபிஜேயிலும் முன்பணம் கட்டும் முன் கேளுங்கள். விற்பவர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பி வாங்கிவிட்டுச் சாலைத் தடுப்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வண்டித் தாளில் இரண்டு எடைகள் இருக்கும். 'பெராட் தன்பா முவாத்தான்' என்பது சுமையில்லா எடை; 'பெராட் டெங்ஙான் முவாத்தான்' என்பது சுமையோடு கூடிய எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நீங்கள் ஏற்றக்கூடிய அளவு. அதில் ஆட்களின் எடையும், நீங்கள் புதிதாக அடித்த இரும்புத் தடுப்பு, பெட்டி, கூரைக் கம்பி ஆகியவற்றின் எடையும் சேரும். பாதுகாப்புக்கென்று 150 கிலோ இரும்பை ஏற்றினால் 150 கிலோ சாமான் குறையும். முதலில் எழுதிய கருவி எடைப் பட்டியல் இங்கே கைகொடுக்கும்.

காப்புறுதியில் கவனிக்க வேண்டியவை

முழுக் காப்புறுதி என்றாலும் அது வண்டிக்குத்தான். உள்ளே இருக்கும் கருவிக்கு அல்ல. கருவிகளுக்கு உபகரணக் காப்புறுதி அல்லது களவுக் காப்புறுதி என்று தனியாக எடுக்க வேண்டும். எடுக்கும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வண்டிக்குள் இருக்கும்போதும் காப்பு உண்டா? இரவில் உண்டா? உடைத்து நுழைந்த அடையாளம் இருந்தால்தான் பணம் கிடைக்குமா? களவுக் காப்புறுதியில் அந்தக் கடைசி நிபந்தனை வழக்கமானது. கதவைப் பூட்ட மறந்திருந்தால் பணம் கிடைக்காது.

தனியார் காருக்கான காப்புறுதியில், மாதிரிகளைத் தவிர்த்து வியாபாரப் பொருட்களை ஏற்றிச் செல்லும் பயன்பாடு சேராது என்ற வாசகம் பொதுவாக இருக்கும். காரில் சிமெண்டும் குழாயும் ஏற்றி வேலைக்குப் போகிறவர்கள், எந்தப் பயன்பாட்டுக்கு வண்டி ஓடுகிறது என்பதை முகவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கொஞ்சம் கூடுதல் கட்டணம் வரலாம். விபத்து நடந்த பிறகு கோரிக்கை நிராகரிக்கப்படுவதைவிட அது மேல்.

கோரிக்கை இல்லாத் தள்ளுபடியிலும் வித்தியாசம் உண்டு. தனியார் காருக்கு அது படிப்படியாக 55 விழுக்காடு வரை ஏறும். வர்த்தக வாகனத்துக்கு 25 விழுக்காட்டோடு நின்றுவிடும். காரிலிருந்து வேனுக்கு மாறுகிறவர்கள் ஆண்டுச் செலவைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி வாங்கும்போது

புதிய வேனுக்குப் பணம் இல்லாதவர்கள் பழைய வண்டி வாங்குவதில் தவறில்லை. சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுத் தாளோடு ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே பாருங்கள். பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையும், வங்கிக் கடன் என்றால் பி7 பரிசோதனையும் செய்ய வேண்டும். பழைய சம்மன், கறுப்புப் பட்டியல் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். வாங்கிய அன்றே எல்லாக் கதவுகளின் பூட்டையும் மாற்றுங்கள். பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறதோ தெரியாது. கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டி என்றால் கதவின் அடிவிளிம்பு, கீல், தரைத்தகடு ஆகியவற்றில் துரு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். துருப்பிடித்த தகட்டில் எவ்வளவு நல்ல பூட்டு போட்டாலும் பிடிக்காது.

முதலீடு தேவைப்படுகிறவர்கள் தெக்குன் நேஷனலின் ஸ்பூமி திட்டம், பேங்க் ராக்யாட்டின் இந்தியத் தொழில்முனைவோர் கடன் ஆகியவற்றுக்குத் தகுதி உண்டா என்று விசாரிக்கலாம். வட்டிக்காரரிடம் போய் நிற்கும் முன் இவற்றைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

வண்டி நிற்கும் இடம்

நல்ல பூட்டைவிட நல்ல இடம் மேல். பின்கதவு சுவரை ஒட்டி நிற்கும்படி வண்டியைப் பின்னோக்கி நிறுத்துங்கள்; சறுக்குக் கதவுப் பக்கம் இன்னொரு சுவரோ வேலியோ இருந்தால் இன்னும் நல்லது. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் விலை உயர்ந்த கருவிகளை மேலே தூக்கிப் போய்விடுங்கள். தினமும் தூக்குவது கஷ்டம் என்பதால்தான், அவற்றைத் தனியாக ஒரே பெட்டியில் வைக்கச் சொல்கிறோம். தோட்டத்து வரிசை வீடுகளிலும் தாமான்களிலும் ருக்குன் தெத்தாங்கா, ரோந்துக் குழு இருந்தால் அவர்களிடம் வண்டியைப் பற்றிச் சொல்லி வையுங்கள்.

'இந்த வண்டியில் இரவில் கருவிகள் இல்லை' என்று மலாயிலும் எழுதி ஒட்டலாம். ஆனால், அது உண்மையாக இருக்க வேண்டும்.

பகலில் சாப்பாட்டுக் கடை, ஹார்ட்வேர் கடை முன்பு நிறுத்தும்போது வண்டி உங்கள் கண்ணில் படும் இடத்தில் உட்காருங்கள். 'இரண்டு நிமிடம்தானே' என்று பின்கதவைப் பூட்டாமல் போகாதீர்கள்.

களவு போய்விட்டால்

எதையும் தொடாமல் முதலில் படம் எடுங்கள். கருவிப் பட்டியலோடு அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் உடனே புகார் செய்யுங்கள். தொடர் எண்களைப் புகாரிலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு காப்புறுதி முகவருக்குத் தகவல் கொடுங்கள். அக்கம் பக்கத்துக் கேமராப் பதிவு அழிந்துபோகும் முன் கேட்டு வையுங்கள். உங்கள் கருவி இணையத்திலோ பழைய சாமான் கடையிலோ விற்பனைக்கு வந்திருப்பதைக் கண்டால், நேரில் போய்ச் சண்டை போடாமல் விசாரணை அதிகாரியிடம் சொல்லுங்கள்.

தண்டனைச் சட்டம் 379ஆவது பிரிவின் கீழ் திருட்டுக்கு ஏழு ஆண்டு வரை சிறை விதிக்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே, அல்லது அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் வாங்குகிறவருக்கு 411ஆவது பிரிவின் கீழ் ஐந்து ஆண்டு வரை. இதை நம்மவர்களும் யோசிக்க வேண்டும். ரசீது இல்லை, பெட்டி இல்லை, பாதி விலை என்று யாராவது டிரில் கொண்டு வந்து நீட்டினால் அது இன்னொரு தொழிலாளியின் சோறு. நாம் வாங்காவிட்டால் அவன் திருடுவதற்குக் காரணம் குறையும்.

சுருக்கமாகச் சொன்னால்

சிறு வேலை, குறைந்த கருவி என்றால் மோட்டாரும் தோள் பையும் போதும். தாமான் தாமானாகப் போகும் ஒயர்மேன், பிளம்பர், ஏர்கோன் தொழிலாளிக்கு வலைத் தடுப்பும் கூடுதல் பூட்டும் உள்ள சிறிய பேனல் வேன். வாயு வெல்டிங்கும் தோட்டத்து மண் பாதையும் என்றால் இறுக்கிய இரும்புப் பெட்டியுடன் பிக்கப். எதை வாங்கினாலும் பட்டியல், பூட்டு, காப்புறுதி மூன்றும் வண்டி வாங்கிய முதல் வாரத்திலேயே முடிந்திருக்க வேண்டும்.

ஆயுத பூஜை அன்று கருவிகளைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து வணங்குகிறோம். வண்டிக்கும் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். இந்த ஆண்டு அவற்றை வெளியே எடுத்து அடுக்கும்போது, ஒவ்வொன்றையும் படம் பிடித்துத் தொடர் எண்ணையும் எழுதி வைத்துவிடுங்கள். என் மாமா இப்போது அப்படித்தான் செய்கிறார்.